ஓரத்தைச் செதுக்கினேன், உயரத்தில்தான் இடம் கிடைத்தது

என் மடிக்கணினியின் திரை 1366×768. அகலத்துக்குக் குறைவில்லை, உயரம்தான் போதாது. நாள் முழுக்க எடிட்டரிலும், கட்டளைகளை அடிக்கும் டெர்மினலிலும், பிரவுசரிலும் உட்கார்ந்திருப்பவனுக்குக் கூடுதலாக ஒரு வரி தெரிந்தால்கூடப் பெரிய உதவி. ஆறு வருடங்களாக லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற டெஸ்க்டாப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். விண்டோக்களையும் பேனலையும் திரையில் காட்டுவது அதுதான். அதில் விண்டோ ஓரங்களோடு நான் பட்ட பாட்டை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் என் கண்ணை உறுத்தியது விண்டோவைச் சுற்றியிருந்த தடித்த ஓரம்தான். எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ தீம், அதாவது விண்டோவின் ஓரத்துக்கும் தலைப்புக்கும் தோற்றம் தருவது, பெரும்பாலும் சின்னச் சின்னப் படங்களின் தொகுப்பு. பக்கத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று ஒரே கோப்புறைக்குள் இருக்கும். படத்தின் அகலம் எவ்வளவோ, ஓரத்தின் தடிமனும் அவ்வளவே. தீமை நகலெடுத்து, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, 5 பிக்சலை 1 பிக்சலாக வெட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு!

ஆனால் அன்று மாலையே கை வலிக்கத் தொடங்கியது. விண்டோவின் அளவை மாற்ற வேண்டுமென்றால் அந்த ஒற்றை பிக்சல் கோட்டின் மேல் சுட்டியை நிறுத்த வேண்டும். டச்பேடில் அது நூலை ஊசியில் கோர்ப்பது போன்ற வேலை. இவ்வளவுக்கும் மிச்சமான இடம் என்று பார்த்தால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. விண்டோவைப் பெரிதாக்கியதும் பக்கவாட்டு ஓரங்களை டெஸ்க்டாப்பே மறைத்துவிடுகிறது. நானோ பெரும்பாலான நேரம் எல்லாவற்றையும் பெரிதாக்கித்தான் வைத்திருப்பேன்.

பிடிப்பதற்கு வழி ஏற்கெனவே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, விண்டோவுக்குள் எங்கு வேண்டுமானாலும் வலது பொத்தானால் இழுத்தால் அளவு மாறும். இடது பொத்தானால் இழுத்தால் விண்டோ நகரும். வரைகலை மென்பொருள்கள் சில ஆல்ட் விசையைத் தங்களுக்கென்று கேட்கும். அதனால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்ற அமைப்புகளில், அக்சஸிபிலிட்டி பகுதிக்குப் போய் அதை சூப்பர் விசைக்கு (பெரும்பாலும் விண்டோஸ் சின்னம் போட்ட விசை) மாற்றிக்கொண்டேன். முதலில் இதைக் கைக்குப் பழக்குங்கள், ஓரத்தை அப்புறம் மெலியவைக்கலாம். வரிசை மாறினால் என்னைப் போல அவதிப்படுவீர்கள்.

உண்மையில் இடம் கொடுத்தது தலைப்புப் பட்டைதான். அதே அக்சஸிபிலிட்டி பகுதியில், பெரிதாக்கிய விண்டோக்களுக்கு மட்டும் தலைப்பை மறைக்கும் தேர்வு இருக்கிறது. அதில் 24 பிக்சல் திரும்பக் கிடைத்தது. மெனுவும் கடிகாரமும் இருக்கும் பேனல் பட்டை மேலே 30 பிக்சல் உயரத்தில் கிடந்தது. அதை டெஸ்க்பார் என்னும் செங்குத்து முறைக்கு மாற்றி இடப்பக்கம் நிறுத்தினேன். மொத்தம் 54 பிக்சல். என் எடிட்டரில் ஒரு வரிக்கு 18 பிக்சல், ஆக மூன்று வரிகள் கூடுதலாகத் தெரிந்தன. முதல் ஒரு வாரம் விண்டோவை மூட வலது மேல்மூலைக்கே கை போனது. பிறகு ஆல்ட் எஃப்4 பழகிவிட்டது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. எடிட்டரின் டேப்கள் திரையின் விளிம்பையே தொட்டு நிற்பதால், சுட்டியை மேலே தள்ளினாலே போதும், விளிம்பில் தானாக நின்றுகொள்ளும். இலக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் சீக்கிரம் தொடலாம் என்று 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சொன்ன விதி இங்கே கைமேல் பலன் தருகிறது.

இந்த ருசியில் பேராசைப்பட்டு, தலைப்புப் படங்களின் உயரத்தையும் வெட்டி, எல்லா விண்டோக்களிலும் தலைப்பே இல்லாமல் செய்தேன். அது தப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டெர்மினல். எது எதுவென்று தெரியாமல், அழிக்கும் கட்டளையை வேறொன்றில் அடித்து ஒரு கோப்புறையை இழந்தேன். மறுநாளே சிறிய விண்டோக்களுக்குத் தலைப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஓரத்தை 2 பிக்சலாக்கி, இயங்கும் விண்டோவுக்கு ஆரஞ்சும் மற்றவற்றுக்குச் சாம்பலும் பூசினேன். ஓரம் எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தன் தலைப்பைத் தானே வரைந்துகொள்ளும் செயலிகள் இன்னும் தொல்லைதான். லினக்ஸ் செயலிகள் பல பொத்தான்களையும் பட்டைகளையும் வரையப் பயன்படுத்தும் ஜிடிகே 3 (GTK 3) தொகுப்பின் வழக்கமான தீமில் அந்தப் பட்டையின் குறைந்தபட்ச உயரம் 46 பிக்சல். தோற்றத்தை எழுதிவைக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் அந்த எண்ணை மட்டும் குறைத்தால் சுருங்காது, உள்ளே இருக்கும் பொத்தான்களின் இடைவெளியையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துபவர்களுக்குப் படம் வெட்டும் வேலையே இல்லை. ஓரத்தின் அளவை அமைப்புகளிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

போன வருடம் மேசையில் 1920×1080 மானிட்டர் ஒன்று வந்தது. இடம் தாராளமாக இருந்தும் தலைப்பை மறைத்தே வைத்திருக்கிறேன், பேனலும் இடப்பக்கமே நிற்கிறது. சற்றுத் தள்ளி உட்காருவதால் ஆரஞ்சு ஓரத்தை மட்டும் 3 பிக்சலாக்கினேன்.