சோலைக்கு மேலே ஒரு மண்கல் வீடு: கட்டித் தந்தவர்களைப் பற்றி ஒரு மதிப்புரை

நீலகிரியில் சிறு வீடுகளை வரைந்து கட்டியும் தருகிற ஒரு குழுவின் வேலையைப் பற்றியது இந்த மதிப்புரை. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். குறைகளையும் சொல்லப்போவதால் அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்கு மேலேயுள்ள சரிவில், எங்கள் குடும்பத்துத் தேயிலை நிலத்தின் ஒரு மூலையில், 620 சதுர அடியில், சூளையில் சுடாமல் அழுத்திச் செய்த மண்கற்களால் அவர்கள் கட்டிய வீட்டில் இப்போது என் பெற்றோர் குடியிருக்கிறார்கள். செலவு குறையும் என்றும் சோலைக்குக் கேடு வராது என்றும் இரண்டு வாக்குகள் கொடுத்தார்கள். இரண்டாவதை நன்றாகவே காப்பாற்றினார்கள். முதலாவதைக் காப்பாற்றியது அரைகுறையாகத்தான்.

லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ள மலைக்காடு. அதில் ஊறும் தண்ணீர்தான் கீழே உள்ள பல ஊர்களுக்குக் குடிநீர். சோலைகள் மலை மடிப்புகளில் வளர்வதால், மேட்டில் கட்டும் வீட்டிலிருந்து வெளியேறும் எதுவும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். இயற்கை வீடு என்று விளம்பரம் செய்யும் பலர் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இவர்கள் முதல் சந்திப்பிலேயே கழிப்பறைத் தொட்டி எங்கே வரவேண்டும் என்று கேட்டது எனக்குப் பிடித்தது. இங்கே வழக்கமாகச் சிமென்ட் உறைகளை இறக்கி, அடியை வெறும் மண்ணாக விட்டுவிடும் குழியைத்தான் செப்டிக் டேங்க் என்று சொல்கிறோம். இவர்கள் அடியும் பக்கங்களும் பூசிய மூன்றறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வழியும் நீரை ஜல்லி நிரப்பிய நீண்ட பாத்தியில் விட்டு, பாத்தி முழுக்கக் கல்வாழை நட்டார்கள். சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் எண்ணெய்ப் பசையைப் பிடித்து நிறுத்தும் ஒரு சிறு தொட்டி வழியாக அதே பாத்திக்கு வருகின்றன. பாத்தியின் கோடியில் உள்ள தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்கிறது, நாற்றம் இல்லை. அதுவும் சோலைப் பக்கம் ஓடாமல் தேயிலை வரிசைகளுக்குள் இறங்கிவிடுகிறது. மொத்த வேலையிலும் மிகச் சிறந்த பகுதி இதுதான், ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அடுத்தது சரிவு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. பெருமழை ஒரு காரணம் என்றால், சரிவைச் செங்குத்தாக வெட்டியதும் மழைநீர் வடியும் வழிகளை அடைத்ததும் மற்றக் காரணங்கள். அப்படியிருந்தும் மனை என்றாலே முதலில் பொக்லைனை ஏற்றிச் சமதளம் ஆக்கவேண்டும் என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. அந்த இயந்திரத்தைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். நானும் நடுக்கூடம் பெரிதாக வேண்டும் என்பதற்காக மேற்புறத்தை இன்னும் கொஞ்சம் வெட்டலாமே என்று கேட்டபோது, மேஸ்திரி, "இதுக்கு மேல வெட்டினா மேல இருக்கிற தேயிலை வரிசையே ஒரு மழையில வீட்டுக்குள்ள வந்துரும் சார்" என்று சொல்லிவிட்டு, வீட்டை இரண்டு தட்டுகளாகப் பிரித்து வரைந்த படத்தைக் காட்டினார். படுக்கையறைகள் மேல்தட்டிலும் கூடமும் சமையலறையும் கீழ்த்தட்டிலும் அமைந்து, நடுவில் நான்கு படிகள் மட்டும் வந்தன. வயதானவர்களுக்கு அந்தப் படிகள் தொந்தரவுதான், அதனால் கைப்பிடி வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு மேலே ஓடும் மழைநீரைப் பிடித்து இரு பக்கமும் திருப்பிவிடும் வாய்க்காலை அவர்கள் அடித்தளத்துக்கு முன்பாகவே வெட்டியது அனுபவம் உள்ளவர்களின் வரிசைமுறை.

சுவருக்கு வருகிறேன். அடித்தளத்துக்குத் தோண்டியபோது வந்த கறுப்பு மேல்மண்ணைத் தனியே குவித்துக் காய்கறிப் பாத்திக்குக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள செம்மண்ணைத்தான் கல்லுக்கு எடுத்தார்கள். மக்கு நிறைந்த மேல்மண்ணில் கல் நிற்காது. செம்மண்ணையும் அப்படியே பயன்படுத்தவில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, திண்ணையில் அசையாமல் வைத்தார்கள். மணல் உடனே அடியில் தங்கியது, வண்டல் அதன்மேல் மெதுவாகப் படிந்தது, களி மறுநாள் வரை கலங்கலாகவே நின்று பிறகுதான் இறங்கியது. களிப்பட்டை தடிமனாக இருந்ததைக் காட்டி, இப்படியே கல் அறுத்தால் காயும்போது வெடிக்கும் என்று விளக்கி, குவாரித் தூளைக் கலந்தார்கள். இத்தகைய கற்களுக்குப் பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சிமென்ட் போதும். கைநெம்புகோலால் அழுத்தும் இயந்திரத்தில் வார்த்து, நான்கு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தால் சூளையே தேவையில்லை. செங்கல் என்றால் சமவெளியில் விறகெரித்துச் சுட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் லாரி ஏற்றவேண்டும். உள்ளறைகளைப் பிரிக்கும் இரண்டு சுவர்களுக்கு மட்டும் செங்கல் வாங்கி, அவற்றைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் எழுப்பினார்கள். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் அந்த முறையில் கால் பங்கு செங்கல் மிச்சமாகும்.

கூரைக்கு வாட்டில் மரம். நாம் சீகை என்று சொல்லும் இந்த அந்நிய மரம் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருப்பதால், சோலை மரத்தையோ தேக்கையோ தேடாமல் இதைச் சட்டமாக்குவது சரியான முடிவு. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்கியே வெட்டவேண்டும். அந்த விண்ணப்பத்தை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்கப் போராக்ஸ் கரைசலில் ஊறவைத்ததாகச் சொன்ன மரங்களில் சில சரியாக ஊறவில்லை போலும். பின்னறையின் ஒரு சட்டத்திலிருந்து வண்டு அரித்த மாவு இன்றும் கட்டில்மேல் கொட்டுகிறது.

பெரிய குறை இறவாரம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு. கூடலூர் தென்மேற்குப் பருவமழையின் ஊர். அங்கே சாரல் மேற்கிலிருந்து அடிக்கும். கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழைதான் கனத்தது. தங்கள் ஊர்ப் பழக்கத்தில் அவர்கள் மேற்கே மூன்றடி இறவாரம் நீட்டி, காலை வெயில் வரட்டும் என்று கிழக்கே ஒன்றரை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நவம்பர் மழையில் கிழக்குச் சுவரின் கீழ் வரிசைகள் ஓதம் ஏறி, சுண்ணாம்புப் பூச்சு கொப்புளித்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஆள் வைத்து மேலே ஒரு தகரச் சாய்ப்பு இறக்கித் தந்தார்கள், கூலி கேட்கவில்லை, பொருளுக்கு மட்டும் பணம் வாங்கினார்கள். அது நியாயம்தான், என்றாலும் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மழை இரண்டு திசையிலிருந்து வருகிறது என்பதை, மண்ணைப் பாட்டிலில் போட்டுப் பார்த்த அதே கவனத்தோடு அவர்கள் வரைபடத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றி: பாதி விலையில் வீடு என்று அவர்கள் பேசுவதை நம்பவேண்டாம். கான்கிரீட் வீட்டுக்கு மற்றவர்கள் எங்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் குறைந்தது. சுவர் மலிவானாலும் ஜன்னல், மின்கம்பி, குழாய், கழிப்பறைச் சாமான்கள் எல்லாம் அதே கடை விலைதான். லாரிக்கும் சூளைக்கும் போகவேண்டிய பணம் உள்ளூர் ஆட்களின் கூலியாகப் போனது என்பதில் எனக்கு மகிழ்ச்சி, ஆனால் அது என் கணக்கில் சேமிப்பாக வராது. வங்கிக் கடன் வேண்டுமென்றால், மண்கல் என்றதும் முகம் சுளிக்கும் மதிப்பீட்டாளருக்குக் காட்ட கல்லின் அழுத்த வலிமைச் சோதனை அறிக்கையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

காட்டுமாடுகளின் தடத்தை விட்டுக்கொடுத்து, சோலைப் பக்கம் கம்பிவேலியும் வெளிவிளக்கும் வேண்டாம் என்று அவர்கள் வற்புறுத்தியது நல்ல யோசனை. ஆனால் எண்ணெய் வாசனைக்கு வீடும் கோயிலும் பார்க்காமல் கதவை உடைக்கும் கரடிகளுக்குப் பேர்போன ஊரில் சமையலறைப் பின்கதவை மெல்லிய பிளைவுட்டில் போட்டுவிட்டுப் போனதை என்னவென்று சொல்வது! நாங்களே இரும்புத் தகடு அடித்துக்கொண்டோம்.

ஆண்டு முழுவதும் குடியிருக்கப் போகிற, பராமரிப்பில் சலிப்பில்லாத குடும்பங்களுக்கு இவர்களைப் பரிந்துரைப்பேன். அறை அறையாக வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு அந்தக் கல்வாழைப் பாத்தி தாங்காது. கல் வார்க்கும் வேலை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடியும்படி பேசுங்கள். எங்களுக்கு அது மழையில் சிக்கித்தான் மாதக்கணக்கில் தாமதமானது. உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் அனுமதிக்கான காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒப்பந்தத்தில் நான்கு பக்கத்து இறவாரத்தின் நீளத்தையும், மரச் சட்டங்களை எத்தனை நாள் ஊறவைப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.