கரை ஒதுங்கிய திமிங்கலங்களைக் கடலிலேயே விடுவதா, தொட்டியில் வைத்துத் தேற்றுவதா?

2016 ஜனவரியில், நம் பழைய திருநெல்வேலிச் சீமையின் மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெயர்தான் திமிங்கலம், குடும்பம் ஓங்கில், அதாவது டால்பின். மீனவர்கள் படகில் இழுத்து ஆழத்தில் விட்டும் பல திரும்பி வந்தன. ஒன்று கரையில் தவித்தால் கூட்டம் எளிதில் விட்டுப் போகாது. ஆகவே முடிந்தவரை சேர்த்துக் கொண்டுபோய் விடுவதே சரி. அதுவரை ஈரத்துணி போர்த்துங்கள், மூச்சுத்துளையை மூடாதீர்கள், வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. தரையில் அதன் எடையே நுரையீரலை அழுத்தும், உடம்புச் சூடும் ஏறும்.

தொட்டி என்றால் சுத்தமான உப்புநீர், கால்நடை மருத்துவர், மாதக்கணக்கில் மீன். தனியாக ஒதுங்கிய, காயம்பட்ட சிறு ஓங்கிலுக்கு அது நல்ல வழி. பெருங்கூட்டத்துக்கு நடக்காது. அப்புறம், பால்குடி மறக்காத குட்டியைத் தேற்றினாலும் தனியே கடலில் விட முடியாது. நம் கரைக்கு முதலில் படகும் பழகிய கைகளும்தான் வேண்டும்.