ஒரு லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப்: 19 நாள் கிராஷ், கடைசியில் மதர்போர்டு மாற்றம்

லேப்டாப் வாங்கி நான்காம் நாள் இரவு. தம்பி சைபர்பங்க் 2077 கேம் ஆடிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் ஆகியிருக்கும், திரை சட்டென்று கருப்பாகிவிட்டது. ஸ்பீக்கரில் கடைசியாக வந்த சத்தத் துணுக்கு மட்டும் ட்ர்ர்ர் என்று நிற்காமல் ஓடுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, ஃபேன் இரைகிறது, எதை அழுத்தினாலும் அசைவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடிந்தது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கியது. ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 8 ஜிபி வீடியோ மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், செங்கல் கனத்தில் 230 வாட் அடாப்டர். கம்பெனி பெயரையும் கடை பெயரையும் போடப்போவதில்லை. எனக்கு வந்த ஒரு பெட்டியில் கோளாறு, அந்த மாடல் எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்த விதமும், வாரண்டி சர்வீஸ் எப்படி நடந்தது என்பதும் புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு உதவும், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

முதல் கிராஷை நான் கேமின் தலையில் போட்டேன். ஐந்தாம் நாள் இரண்டு முறை, ஏழாம் நாள் ஒரு முறை. அப்டேட் வரும், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "சார், மாத்திக் குடுக்கிறது ஏழு நாளுக்குள்ளதான், இனிமே சர்வீஸ் சென்டர்தான் பார்க்கணும்" என்று பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். புதுப் பெட்டியில் முதல் கிராஷ் வந்த அன்றே கடைக்குப் போன் பண்ணுங்கள், வாட்ஸாப்பில் ஒரு செய்தியாவது தேதியோடு போட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள்: டிஸ்ப்ளே டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) பதில் சொல்வதை நிறுத்தியது, பிறகு மீண்டது. கோளாறுகளை நாள்வாரியாகக் காட்டும் ரிலையபிலிட்டி மானிட்டரில் அதே நேரங்களில் லைவ்கெர்னல்ஈவென்ட் 141 என்ற பிழை. இந்த வரியைப் பார்த்ததும் எல்லோரும் டிரைவர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அங்கே நடப்பது வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து டிடிஆர் என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கொடுத்த வேலைக்குக் கார்டு இரண்டு வினாடிக்குள் பதில் தரவில்லை என்றால் விண்டோஸ் அதை ரீசெட் செய்து பார்க்கும். எழுந்தால் 4101, எழவே இல்லை என்றால் 116 என்ற பிழை எண்ணோடு நீலத்திரை. கார்டு மயங்கி விழுந்தது என்பது மட்டும்தான் அந்தப் பதிவில் இருக்கும். சூடா, மின்சாரமா, டிரைவரா, சிப்பா, எதனால் விழுந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர்டிலே என்று ஒரு எண்ணைப் போட்டு அந்த இரண்டு வினாடியை எட்டாகவோ பத்தாகவோ நீட்டச் சொல்லி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. ரெண்டரிங் மாதிரி நீண்ட கணக்கு ஓடும் வேலைக்கு அது சரி. கார்டிலேயே கோளாறு என்றால் அதே கருப்புத்திரை பத்து வினாடி கழித்து வரும், அவ்வளவுதான்.

சூடுதான் முதல் சந்தேகம், சித்திரை மாசத்துச் சென்னை ஆயிற்றே. வெப்ப அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் லாக் போட்டு ஓடவிட்டேன். கார்டின் வெப்பம் 74 முதல் 78 டிகிரி, அதிலேயே அதிகம் சுடும் புள்ளியான ஹாட்ஸ்பாட் 90 பக்கம். லேப்டாப் கார்டுக்கு இது சாதாரணம். ஏசி போட்டு, பின்பக்கம் இரண்டு புத்தகம் வைத்துத் தூக்கி, 70 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகும் கிராஷ் வந்தது. சூடு இல்லை என்று கோடு போட்டுவிட்டேன். அது அவசரப்பட்ட முடிவு என்று பிறகு தெரிந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து டிரைவர். இதைச் செய்வதானால் முறையாகச் செய்யுங்கள்: நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் போய், டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைச் சுத்தமாக வழித்துவிட்டு, அதன் பிறகு லேப்டாப் கம்பெனி தளத்தில் உள்ள டிரைவரைப் போட வேண்டும். நெட்டைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் போடுவதற்குள் விண்டோஸ் தானாக ஒன்றை இறக்கிவிடும். கம்பெனி டிரைவர், புதுசு, மூன்று மாதப் பழசு, மூன்றிலும் கிராஷ். பயாஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் பண்ணினேன், சார்ஜரைச் செருகிக்கொண்டு, கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து. மாற்றமில்லை. பெரிய கார்டு மட்டும் வேலை செய்யும் டிஸ்கிரீட் மோடுக்கு மாற்றி, பிராசஸரோடு இருக்கும் சின்ன கிராபிக்ஸை ஒதுக்கிவைத்தும் பார்த்தேன், இரண்டு கார்டுக்கும் இடையில் கைமாறும்போது சிக்கல் என்றால் அதில் தெரிந்துவிடும். அப்போதும் கருப்புத்திரை வந்தது. ரேமுக்கு மெம்டெஸ்ட் 86 என்ற சோதனை ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு பிழையும் இல்லை.

துப்பு கிடைத்தது எதிர்பாராத இடத்தில். ஒரு நாள் கரண்ட் போய்விட்டது, தம்பி பேட்டரியிலேயே தொடர்ந்து ஆடினான். மெதுவாக, திணறித் திணறி ஓடியது, ஆனால் பேட்டரி தீரும்வரை கிராஷ் இல்லை. பேட்டரியில் கார்டுக்குப் போகும் வாட் குறைந்துவிடும், வேகமும் குறைந்துவிடும். அப்படியானால் வேகத்தைக் குறைத்தால் நிற்கிறதா? கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் முதலில் கோர் (கார்டின் கணக்குப் போடும் பகுதி) வேகத்தை மட்டும் 150 மெகாஹெர்ட்ஸ் குறைத்தேன். 40 நிமிடத்தில் வந்த கிராஷ் ஒரு மணி நேரத்தில் வந்தது. கோரைப் பழையபடி விட்டுவிட்டு மெமரி வேகத்தை மட்டும் 500 மெகாஹெர்ட்ஸ் குறைத்தேன். நான்கு மணி நேரம், ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மறுபடி நான்கு மணி நேரம். மெமரியை மறுபடி ஏற்றினேன், 35 நிமிடத்தில் கருப்புத்திரை. எனக்குக் கை நடுங்கியது, கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில்.

இதற்குப் பிறகு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் இருக்கும் வீடியோ மெமரி சோதனையை, எதையும் குறைக்காமல், கம்பெனி வேகத்திலேயே ஓடவிட்டேன். இந்தச் சோதனை கார்டின் மெமரியில் எழுதி, அதையே திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். நல்ல கார்டில் பிழை பூஜ்யம், ஒன்று வந்தாலும் தப்புதான். முதல் இருபது நிமிடம் பூஜ்யம். அப்புறம் 3, 11, 40 என்று ஏற ஆரம்பித்தது. புதுப் பெட்டியில் கிராஷ் என்றால் டிரைவரோடு நான் பட்ட பாட்டைப் படாமல் முதல் நாளே இந்தச் சோதனையை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். நான் இதை ஐந்தாம் நாள் செய்திருந்தால் கடையிலேயே மாற்றியிருப்பேன்.

சரி, சர்வீஸ். பதினான்காம் நாள் டோல்ஃப்ரீ எண்ணுக்கு அழைத்தேன். விண்டோஸை ரீசெட் செய்யுங்கள் என்றார்கள், செய்தேன். மறுநாள் வேறொருவர், முதலிலிருந்து கேட்டு, மறுபடி ரீசெட் என்றார். பிழை எண்ணிக்கை தெரியும் ஸ்க்ரீன்ஷாட், செல்போனில் எடுத்த கருப்புத்திரை வீடியோ, ஈவென்ட் லாக் மூன்றையும் மெயிலில் அனுப்பி, தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவேன் என்றும் எழுதினேன். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது. லேப்டாப்பில் கார்டும் அதன் மெமரியும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும், தனியாகக் கழற்றி மாட்ட முடியாது, அதனால் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும், பாகம் வர ஒரு வாரம் என்றார்கள். தொலைபேசி உதவி படுமோசம், இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவர்கள் முன்னால் இருக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இருபத்துமூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் அதற்கு நேர் எதிர். "அம்மா, ஒரு வெள்ளைத் துணி இருந்தா குடுங்க" என்று வாங்கி மேசையில் விரித்து, ஸ்குரூக்களைக் காந்தத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டார். சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைத் தூக்கியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிராபிக்ஸ் சிப்பைச் சுற்றி நான்கு மெமரி சிப், ஒவ்வொன்றுக்கும் மேல் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் ஒரு தெர்மல் பேட். மூன்று பேடில் சிப்பின் சதுரம் அச்சு மாதிரி அழுந்தியிருந்தது. நான்காவது பேட் வழவழவென்று, ஒன்றும் தொடாத மாதிரி. "இதான் காரணம்னு என்னால எழுதித் தர முடியாது சார், ஆனா இப்படி இருக்கக் கூடாது" என்றார். நான் லாகில் பார்த்த 74 டிகிரி கார்டின் கோர் வெப்பம், இந்தப் பெட்டியில் மெமரிக்குத் தனி வெப்ப அளவே காட்டவில்லை. சூடு இல்லை என்று நான் கோடு போட்டது தப்பு என்று அந்த வழவழப்பான பேடைப் பார்த்தபோதுதான் புரிந்தது. புது போர்டு, புது பேடுகள், புது பேஸ்ட், மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

போர்டு மாற்றப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்: பல புது லேப்டாப்களில் டிஸ்க் நாம் கேட்காமலே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டில் பூட்டியிருக்கும். அதன் சாவி பழைய போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டோடு கட்டப்பட்டது. புது போர்டில் ஆன் செய்ததும் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருந்ததால் தப்பித்தேன், இல்லையென்றால் அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அத்தனையும் போயிருக்கும். ஆள் வருவதற்கு முந்தின நாளே அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், படங்களை வெளியே ஒரு டிஸ்கிலும் எடுத்துவிடுங்கள். பழைய போர்டில் இருந்த சீரியல் எண்ணைப் புது போர்டின் பயாஸில் எழுதிவிட்டாரா என்றும் கேளுங்கள், வாரண்டி அந்த எண்ணில்தான் இருக்கிறது.

அவர் கிளம்பும் முன் ஓசிசிடியை ஓடவிடச் சொல்லிக் கேட்டேன். முகம் சுளிக்காமல் அம்மா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு 40 நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிழை பூஜ்யம். இன்றோடு ஐந்து வாரம், ஈவென்ட் வியூவரில் ஒரு 4101 கூட இல்லை.

லேப்டாப்பைப் பொறுத்தவரை திரை அருமை, கீபோர்டு நன்றாக இருக்கிறது, டர்போ மோடில் ஃபேன் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். ஐந்துக்கு லேப்டாப்புக்கு 4, போன் உதவிக்கு 1, வீட்டுக்கு வந்தவருக்கு 5. கடைக்கு 2, அதில் ஒன்று பில்லை ஒழுங்காகக் கொடுத்ததற்கு. வாங்கும்போது வீட்டுக்கு வந்து பார்க்கும் வாரண்டியா, சர்வீஸ் சென்டருக்கு நாம் தூக்கிப் போகும் வாரண்டியா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எனக்கு முதலாவதுதான் இருந்தது.