கெடு தாண்டிய வழக்கு: மன்னிப்பு மனுவா, புதுக் கெடுவா?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் காலத்தில் கேட்காமல் விட்டவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் இரண்டு வழிகளைப் பார்த்தார்கள். ஒன்று, ஆளுக்கு ஆள் காரணம் கேட்டுத் தாமதத்தை மன்னிப்பது. மற்றது, எல்லாருக்கும் சேர்த்துக் கெடுவையே தள்ளிவைப்பது.

முதலாவது 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டம். போலீஸ் அநியாயமாக அடைத்து வைத்தது, அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் கெட்டது என்று நஷ்டஈடு கேட்பவர் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் துறையே சம்மதிக்கலாம். சம்மதிக்காவிட்டால் கோர்ட்டில் மன்னிப்பு மனு. வழக்கே காலாவதி ஆகிவிட்டதா (பொதுவாக 3 ஆண்டு), தாமதத்துக்குத் தக்க காரணம் உண்டா, அரசுத் தரப்புக்கு நியாயமற்ற பாதிப்பு வருமா என்று நீதிபதி பார்ப்பார். ஆஸ்பத்திரி ஃபைல் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல், தேதியோடு கையில் இருந்தால் பேச்சு எடுபடும். வக்கீல் செலவு உண்டு, அதை மறைப்பானேன்.

இரண்டாவது நிலம். 1913 ஜூன் 19-க்குப் பின் இனச்சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்டு 1998 டிசம்பர் 31-க்குள் மனுப் போட வேண்டும் என்பது பழைய விதி. டர்பன் நகரில், வீடுகள் போய்க் கோயில்கள் எஞ்சிய கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வெளியேற்றப்பட்டு வந்த இந்தியக் குடும்பங்களுக்கு இது சொந்தக் கதை. 2014-ல் வந்த திருத்தம் கெடுவை 2019 ஜூன் 30 வரை நீட்டியது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை. 1,60,000-க்கு மேல் மனுக்கள் குவிந்தன, பழைய மனுக்களே முடியாமல் கிடக்கும்போது!

2016 ஜூலை 28 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. மக்களிடம் கருத்துக் கேட்டது அவசரக்கோலம் என்பது காரணம். புது மனுக்கள் ரத்தாகவில்லை, ஆனால் பழையவற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். புதுச் சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு 24 மாதம் கிடைத்தது. அதையும் தவறவிட்டுக் கூடுதல் அவகாசம் கேட்டுப் போனார்கள். 2019-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. கெடு நீட்ட வந்தவர்களுக்கே கெடு தவறியது!

என் ஓட்டு முதலாவதுக்குத்தான். கதவு குறுகல், காசும் பிடிக்கும். ஆனால் ஆம், இல்லை என்று ஓர் உத்தரவு கையில் வரும். நிலத்துக்கு அந்தக் கதவு உதவாது, அது நஷ்டஈட்டு வழக்குகளுக்கு மட்டும். நிலக் கெடுவை இன்னொரு முறை நீட்டுவதாக இருந்தால், மனுவை முடிக்க அரசுக்கும் ஒரு கெடு போட்டுவிட்டு நீட்டட்டும்.