கேரியோடைப் பரிசோதனையும் ஒரு மணி நேர ஆலோசனையும்

11 வயதாகியும் வகுப்பிலேயே மிகவும் குள்ளமாக இருந்த எங்கள் மகளை, மருத்துவரின் பரிந்துரையின்பேரில் ஒரு தனியார் மரபியல் ஆய்வகத்துக்குக் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனைக்காக அழைத்துச் சென்றோம். ரத்தம் எடுத்த ஊழியர் கைதேர்ந்தவர். ஒரே குத்தில் பச்சை மூடிக் குழாய் நிரம்பியது. ரத்த வெள்ளணுக்களை ஏறத்தாழ மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் தறுவாயில் நிறுத்தி, சாயமேற்றி எண்ண வேண்டியிருப்பதால் முடிவு மறுநாளே வராது. எங்களுக்கு 16 நாள் ஆனது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆலோசனைக்கு நான்கு நாள் முன்பே, "45,எக்ஸ், டர்னர் நோய்க்குறி" என்ற ஒற்றை வரியோடு அறிக்கையைக் கைபேசிக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்களுக்கு வழக்கமாக இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமல், மொத்தம் 46-க்குப் பதில் 45 இருக்கின்றன என்பதே அதன் பொருள். அந்த நான்கு இரவும் என் மனைவி, மகளைக் கருவுற்றிருந்தபோது என்ன சாப்பிட்டோம் என்று எண்ணிக்கொண்டே கிடந்தார்.

மரபியல் ஆலோசகர் அந்தப் பழியை முதல் ஐந்து நிமிடத்தில் இறக்கி வைத்தார்: இது உயிரணுப் பிரிவில் தற்செயலாக நேர்வது, சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருப்பது, பெற்றோரின் செயலால் வருவதன்று. பிறகு மகளின் குரோமோசோம் படத்தை எங்கள் பக்கம் அல்லாமல் அவள் பக்கம் திருப்பினார். 22 ஜோடிகள் வரிசையாக நிற்க, கடைசி ஓரத்தில் ஓர் எக்ஸ் மட்டும் தனித்திருந்தது. மகள் அதன்மேல் விரல் வைத்து, "இதுக்கு ஜோடி எங்கே?" என்றாள்.

பெண்களிடம் இரண்டாவது எக்ஸ் பெரும்பாலும் ஒடுங்கியே இருந்தாலும் அதன் சில மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்றும், எலும்பு வளர்ச்சிக்கு உதவும் ஷாக்ஸ் மரபணு அவற்றுள் ஒன்று என்பதால் ஒரு பிரதி குறைந்தாலே உயரம் குன்றுகிறது என்றும் அவர் விளக்கியது அவளுக்கே புரிந்தது. இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், தைராய்டு, செவித்திறன், வளர்ச்சி ஹார்மோன், பருவமடைய ஈஸ்ட்ரோஜன் என ஒவ்வொன்றையும் காரணத்தோடு எழுதித் தந்தார்.

வழக்கமாக ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோமின் துணுக்கு ஏதும் மறைந்திருந்தால் சினைப்பையில் கட்டி வரும் அபாயம் கூடும் என்பதால் அதற்கும் ஒரு சோதனை தேவைப்பட்டது. அதற்குத் தனிக் கட்டணம் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆய்வுத் தரத்துக்கும் ஆலோசகருக்கும் முழு மதிப்பெண், அறிக்கை அனுப்பிய முறைக்குப் பூஜ்யம். இங்கே செல்பவர்கள், ஆலோசனை நாள்வரை அறிக்கையை அனுப்ப வேண்டாம் என்று பணம் கட்டும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.