இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்துக் கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் பிடிக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் தங்கை கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்த பையன் அதற்கு முன் ஒரு கல்யாணம்கூடத் தனியாக எடுத்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. திருப்பூட்டு, அதாவது தாலி கட்டும் நேரத்துப் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதும்போது எடுத்தவை மொத்தமாகப் போய்விட்டன.

ரேட் குறைவு என்பதற்காக மட்டும் அவனிடம் போகவில்லை. அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த படங்கள் அவ்வளவு அழகு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண், அதில் சாய்ந்து நிற்கும் மணப்பெண், முகத்தில் பக்கவாட்டில் விழும் வெளிச்சம். "பதினைந்து கல்யாணத்துக்கு மேல பண்ணியிருக்கேன் ஆச்சி, நம்ம சடங்கெல்லாம் அத்துபடி" என்றான். அப்பச்சியும் (எங்கள் அப்பா) திருப்தியாகி 25,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினார்கள்.

பின்னால் என் அம்மான் மகள், அதே பெண்ணை அதே புடவையில் வேறு ஆறேழு பேர் பக்கங்களிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். விசாரித்தால், கானாடுகாத்தானில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய பயிற்சி வகுப்பாம். மாடலை வரவழைத்து, லைட்டை நிறுத்தி, எங்கே நிற்க வேண்டும் என்று வாத்தியாரே சொல்லிவிடுவார். வந்தவர்கள் வரிசையாக நின்று பட்டனை அழுத்துவார்கள். கற்றுக்கொள்ள அது நல்ல வழிதான். அந்தப் படங்களை "நான் எடுத்த கல்யாணம்" என்று சொல்லிக் காசு வாங்குவதைத்தான் ஏமாற்று என்கிறேன்.

நம் வீடுகளில் படமெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வளவு என்கிற உள்கட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம், முகூர்த்த நேரத்தில் வெயில் கண்ணைப் பறிக்கும். சுற்றியுள்ள பத்தித் தாழ்வாரத்திலோ அரை இருட்டு. முற்றத்துக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களை ஆட்டோ மோடில் எடுத்தால், கேமரா பின்னால் இருக்கும் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்து முகத்தைக் கரியாக்கிவிடும். பிளாஷை மேலே திருப்பி அடிப்பார்கள், மண்டபத்து வெள்ளைக் கூரையில் அது பட்டு மென்மையாக இறங்கும். நம் முகப்பில் இருப்பது தேக்கு மச்சு, மரக் கூரை. வெளிச்சத்தில் பாதியை மரம் குடித்துவிடும், மீதி பழுப்பாக வரும். நேராக அடித்தால் பெல்ஜியம் கண்ணாடியிலும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரிலும் பட்டு வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். முதல் நாளே வந்து எந்த நேரம் எங்கே வெயில் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் போகிறவர்தான் இந்த வீட்டில் படம் எடுக்க முடியும். இவன் வரவில்லை. "எல்லா வீடும் ஒண்ணுதானே" என்றான்.

அவனிடம் இருந்தது கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 லென்ஸ். அதை முழுக்க ஜூம் செய்தால் லென்ஸ் திறப்பு எஃப் 5.6தான்; இந்த எண் குறைந்தால்தான் வெளிச்சம் கூடும். நன்றாகத் தொழில் செய்கிறவர்கள் வைத்திருக்கும் எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த நாலு மடங்கு குறைந்ததால் ஷட்டர் மெதுவாகி, அசைந்த கையெல்லாம் புகையாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, சத்தம் வராது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்திருக்கிறான். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, அந்த ஷட்டரில் எடுத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகளாக விழும். வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் அப்படியே ஆகிவிட்டது.

திருப்பூட்டு நேரத்தில் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் மொய்த்துக்கொண்டு நிற்பார்கள். பழகிய கை என்றால் மாப்பிள்ளை வருவதற்கு முன்னாலேயே தன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். இவன் அந்த நேரம் முகப்பில் செருப்பையும் பூக்கூடையையும் எடுத்துக்கொண்டிருந்தான். கெட்டிமேளம் கேட்டு ஓடி வந்திருக்கிறான். இப்போது கையில் இருக்கும் படத்தில் முன்னால் ஒரு பெரியப்பாவின் பிடரி, ஓரமாக உயர்ந்த இரண்டு செல்போன், அதற்கு நடுவில் கழுத்துரு (நம் கல்யாணத் தாலி) என்று நாம் யூகித்துக்கொள்ள ஒரு மஞ்சள் தீற்று. தங்கை முகத்தின் மேல் பட்டை. கழுத்துரு அன்றைக்கு ஏறினால், அப்புறம் மாப்பிள்ளையின் அறுபதாம் கல்யாணத்தில்தான் ஏறும். அந்த ஒரு படம் போய்விட்டதே என்று ஆத்தா இன்றுவரை ஆல்பம் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்கள்.

இசைகுடிமானம் எழுதிய படங்களைக் கேட்டபோது "கார்டு கரப்ட் ஆயிருச்சு ஆச்சி" என்று பதில் வந்தது. சரி, கார்டைக் கொடு, மதுரையில் மீட்டுப் பார்க்கிறோம் என்றோம். கார்டு கெட்டாலும், படம் தவறி அழிந்தாலும், உடனே வெளியே எடுத்து வைத்துவிட்டால் மீட்க வாய்ப்பு உண்டு. மேலே வேறு படம் பதிந்துவிட்டால் பழையது போனதுதான். அவன் அதை ஃபார்மட் செய்து ஒரு காதுகுத்துக்கு எடுத்துப் போயிருக்கிறான். இரண்டு கார்டு போடும் கேமரா வைத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றதில் இருந்திருக்கும்.

வீடியோவிலிருந்து ஃபிரேம் எடுத்துப் பார்த்தோம். ஃபுல் எச்டி ஃபிரேம் 2 மெகாபிக்சல்தான், ஆறு அங்குல அகலத்துக்கு மேல் போட்டால் உடைகிறது. 4கே என்றால் 8 மெகாபிக்சல் கிடைக்கும். வீடியோவைக் கட்டாயம் 4கேயில் எடுக்கச் சொல்லுங்கள், ஆபத்துக்கு உதவும்.

புதுப் பையன்கள் யாரும் கல்யாணத்துக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு நாள் புதியவர்கள்தான். ஆனால் தம்பிகளே, மூத்தவர் ஒருவரோடு இரண்டாவது கேமராவாக ஒரு சீசன் முழுக்கப் போங்கள். அங்கே உங்கள் படம் கெட்டாலும் அவர் படம் இருக்கும், வீட்டுக்காரர் தலையில் விடியாது. தனியாக எடுக்க ஆசைப்பட்டால் வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று தொடங்குங்கள். அப்படியும் கல்யாணம் வந்தால், "இது எனக்கு முதல் கல்யாணம்" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். அது தெரிந்திருந்தால் அப்பச்சி அவனை உறவுக்காரர்களை எடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, திருப்பூட்டுக்கு வேறு ஆளைச் சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்று. பொறுக்கி எடுத்த பத்துப் படம் வேண்டாம், ஒரே கல்யாணத்தின் முழுப் படங்களையும் காலையிலிருந்து இரவு வரை வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் வளவு வீட்டில் நடந்த கல்யாணமாக இருக்கட்டும். அந்த வீட்டாரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டாவது கேமரா உண்டா, கார்டு எத்தனை, அன்று இரவே வேறு டிஸ்க்கில் ஏற்றுவாரா என்பதையெல்லாம் ரேட்டோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

"பாக்கியைக் கொடுத்தாத்தான் மீதிப் படம், காப்பிரைட் என்னோடது" என்றும் சொல்லிப் பார்த்தான். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து நாம் எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நாம்தான். இதைச் சொன்னதும் பென்டிரைவ் வந்துவிட்டது. கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவன் பதினைந்து கல்யாணம் என்று எழுதியது, கரி பிடித்த படங்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.