ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கௌபாய் படங்கள்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில், துணிக் குவியல்களையும் செருப்பு வரிசைகளையும் கடந்து சென்றால், தார்ப்பாய் விரித்துப் பழைய டிவிடிகளை மட்டுமே விற்கும் ஒரு நடைபாதைக் கடையைக் காணலாம். பெயர்ப்பலகை கிடையாது. கடலூரிலிருந்து பேருந்தேறி மூன்று ஞாயிறுகள் சென்று ஐந்து டிஸ்குகளும் ஒரு தொடர் பெட்டியும் வாங்கிய பிறகே இதை எழுதுகிறேன். வாங்கியவை அனைத்தும் கௌபாய் படங்கள் என்பதால், மற்ற வகைப் படங்களைத் தேடிச் செல்பவர்களுக்கு இந்த மதிப்புரை அவ்வளவாகப் பயன்படாது.

இங்குள்ள சரக்கில் பெரும்பகுதி, பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர்கள் காலிசெய்த வீடுகளிலிருந்து வந்ததாகக் கடைக்காரர் கூறினார். ஆகவே அட்டைகளில் அச்சாகியிருப்பவை பிரெஞ்சுத் தலைப்புகள். 'லெ த்ரேன் சிஃப்லரா த்ருவா ஃபுவா', அதாவது 'ரயில் மும்முறை ஊதும்' என்ற டிஸ்கை முதல் வாரம் கையிலெடுத்துவிட்டு, ஏதோ ரயில் படம் என்று திரும்ப வைத்துவிட்டேன். அடுத்த முறைதான் அட்டையிலிருந்த நடிகர் கேரி கூப்பரின் முகம் உறைத்தது. "அண்ணே, இது ஹை நூன்தானே?" என்று கேட்டேன். "பேரெல்லாம் தெரியாது சார். ரயிலு எப்ப வரும்னு ஊரே காத்துக்கிட்டு இருக்குமே, அந்தப் படம்" என்றார். அதைவிடச் சரியாக அந்தப் படத்தை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தியதில்லை.

1952-இல் ஃப்ரெட் ஜின்னமன் இயக்கிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் துப்பாக்கிச் சண்டை கடைசிச் சில நிமிடங்களுக்கு மட்டுமே நடக்கிறது. மீதி நேரமெல்லாம், நண்பகல் ரயிலில் வரவிருக்கும் பகைவனை எதிர்கொள்ளத் துணை தேடி, மணக்கோலம் கலையாத ஒரு மார்ஷல் (ஊர்க் காவல் அதிகாரி) வீடுவீடாகச் சென்று கைவிரிக்கப்படுவதும், சுவர்க் கடிகாரங்கள் நகர்வதும்தான். படத்தின் நேரமும் கதையின் நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே ஓடுகின்றன. இங்கேதான் ஐரோப்பிய டிஸ்கின் ஒரு குறை எனக்கு வேடிக்கையாகப்பட்டது: நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்பட்ட படம் அங்கே 25 சட்டகங்களாக ஓட்டப்படுவதால், 85 நிமிடப் படம் மூன்றரை நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. கூப்பருக்குக் கிடைத்த அவகாசமே சொற்பம், அதிலும் கழிவு! குரல்களும் இம்மியளவு உச்சத்தில் ஒலிக்கின்றன. சொல்லாவிட்டால் பலருக்குத் தெரியாது.

செர்ஜியோ லியோனேயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) டிஸ்க், வாங்கியவற்றுள் தலைசிறந்தது. மூன்று கொலையாளிகள் ரயில் நிலையத்தில் காத்திருக்கும் அதன் தொடக்கத்தில், துருப்பிடித்த காற்றாலையின் கிறீச்சொலியும், தொப்பியில் சொட்டும் நீரும், ஜாக் ஈலமின் முகத்தில் ஊரும் ஈயும் தவிர வேறெதுவும் நிகழ்வதில்லை. தொலைக்காட்சியில் எப்போதோ பார்த்தபோது திரையின் இரு ஓரங்களும் வெட்டப்பட்டிருந்ததால், காத்திருப்பவர்களுக்கு இடையேயான வெற்றிடமே காணாமற்போயிருந்தது. இந்த டிஸ்கில் முழு அகலமும் இருக்கிறது. அதுவரை பெரும்பாலும் நல்லவராகவே நடித்துவந்த ஹென்றி ஃபோண்டாவைக் குழந்தையைச் சுடும் கொடியவனாக அறிமுகப்படுத்தும் காட்சியில் அந்த நீலக் கண்கள் துல்லியமாகத் தெரிகின்றன. எனக்கு ஜான் வெய்னைவிட ஃபோண்டாவே ஒரு படி மேல். இதில் என் தம்பிக்கு உடன்பாடு இல்லை.

அவனுக்காக வாங்கிய, ஜான் வெய்ன் நடித்த 'ரியோ பிராவோ' (1959) சுமாரான பிரதி. 'ஹை நூன்' படத்தில் ஊராரிடம் உதவி கேட்டு அலையும் மார்ஷலைப் பிடிக்காத ஹோவர்டு ஹாக்ஸ், அதற்கு மறுமொழியாக எடுத்த படம் என்பதால், இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது சுவையானது. 'த சர்ச்சர்ஸ்' (1956), 'அன்ஃபர்கிவன்' (1992) ஆகிய இரண்டும் கீறலின்றி ஓடின.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு இந்தக் கடையை நம்ப வேண்டாம். 'பொனான்ஸா' என்று ஒரேயொரு பெட்டி இருந்தது. வீட்டில் திறந்தபோது உள்ளே இரண்டு டிஸ்குகள் குறைந்தன. அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பித் தந்தார். ரசீது கிடையாது, ஆனால் ஆள் நினைவு வைத்திருக்கிறார்.

ஒரு டிஸ்க் எண்பது ரூபாய். கேட்டால் சிறிய பேட்டரி பிளேயரில் போட்டுக் காட்டுகிறார். ஆயினும் அங்கே ஓடியது வீட்டில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதை வரையறுக்கும் மண்டலக் குறியீடு டிவிடிகளுக்கு உண்டு; ஐரோப்பிய டிஸ்குகளுக்கு அது 2, இந்தியாவுக்குரியது 5. என் பழைய பிளேயர் முதல் டிஸ்கை ஏற்க மறுத்ததால், எல்லா மண்டலங்களையும் ஏற்கும் ஒன்றை வாங்க நேர்ந்தது. திரையில் தோன்றும் தேர்வுப் பட்டியலும் பிரெஞ்சிலேயே வரும். 'லாங்' என்ற சொல்லின் கீழ் ஆங்கில ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு சிக்கலில்லை.

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி: நம் கௌபாய் நாயகன் கேப்டன் டைகர், 'ப்ளூபெரி' என்ற பெயரில் 1963-இல் பிரெஞ்சு இதழில் தோன்றியவர்தான். அவருடைய பிரெஞ்சு ஆல்பங்கள் இரண்டு அந்தத் தார்ப்பாயின் மூலையில் கிடந்தன. விலை படியாமல் விட்டுவந்தேன், வரும் ஞாயிறு மறுபடியும் கேட்டுப்பார்க்க வேண்டும்.